உலகின் சீதோஷ்ண மாறுதலும் கார்டன் ரீச்சும்

பூமியின் சராசரி உஷ்ணநிலை ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாக உயர்ந்துள்ளது என்றோ, கடல்மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் ஏறுகிறது என்றோ கேள்விப்படும்போது, இவ்வளவு சிறிய அளவுகள் மனித வாழ்க்கையை எவ்வாறு பாதிக்கக்கூடும் என்ற ஐயம் எழுவது இயல்பு. விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே பத்து டிகிரி வேறுபாட்டைத் தினமும் காண்பவர்களுக்கு ஒரு டிகிரி பெரிதாகத் தோன்றுவதில்லை. அலை அடிக்கும் கரையில் நிற்பவர்களுக்கு மில்லிமீட்டர் ஒரு பொருட்டன்று. உலகச் சராசரி என்பது ஒரு குறிப்பிட்ட ஊரின் தெருவில் எந்த உருவத்தில் வந்து நிற்கிறது என்பதைப் படிப்படியாக ஆராய்ந்தாலன்றி இந்த ஐயம் நீங்காது. அத்தகைய ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற இடம் கொல்கத்தா நகரின் தென்மேற்கில், ஹூக்ளி நதியின் இடக்கரையில் அமைந்துள்ள கார்டன் ரீச் பகுதியாகும்.

கார்டன் ரீச்சின் அமைப்பு

நதியின் இரு வளைவுகளுக்கு இடைப்பட்ட நேரான பகுதியை மாலுமிகள் ஆங்கிலத்தில் 'ரீச்' என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கனவான்கள் இக்கரையில் தோட்ட மாளிகைகள் கட்டி வாழ்ந்ததால் இப்பகுதி கார்டன் ரீச் எனப் பெயர் பெற்றது. 1856-ஆம் ஆண்டில் ஆட்சியை இழந்த அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா, தம் பரிவாரத்துடன் இங்குள்ள மெட்டியாப்ரூஸில் வந்து தங்கி, 1887-ல் மரணமடையும்வரை அங்கேயே வாழ்ந்தார். எதிர்க்கரையில் 1787-ல் நிறுவப்பட்ட தாவரவியல் பூங்காவும் அதன் புகழ்பெற்ற ஆலமரமும் உள்ளன. பெரிய கப்பல்துறை (இப்போது நேதாஜி சுபாஷ் கப்பல்துறை), கப்பல் கட்டும் தொழிற்சாலை, தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம், நகரின் தென்பகுதிக்குக் குடிநீர் வழங்கும் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவை இங்கு அமைந்துள்ளன. மெட்டியாப்ரூஸின் சந்துகளில் ஆயத்த ஆடைகள் தைக்கும் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளிக்கிறது. தனி நகராட்சியாக இருந்த கார்டன் ரீச் 1984-ல் கல்கத்தா மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

கொல்கத்தா நகரின் நிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் முதல் ஒன்பது மீட்டர் வரையே உயரமுடையது. நதிகள் கொணர்ந்த வண்டல் படிந்து உண்டான இந்நிலத்தில் பாறை என்பது மேற்பரப்பில் எங்கும் இல்லை. கடலிலிருந்து கப்பல் வழியே அளந்தால் நகரம் சுமார் இருநூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆயினும் கடல் இந்நகரை நாள்தோறும் இருமுறை வந்தடைகிறது. அது எவ்வாறு என்பதைக் கூறுமுன், உலகளாவிய மாறுதலின் காரணத்தைச் சுருக்கமாகக் காண்போம்.

உஷ்ணம் உயர்வதன் காரணம்

சூரிய ஒளியால் சூடடைந்த பூமி அந்த உஷ்ணத்தைக் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களாக மீண்டும் ஆகாயத்துக்கு அனுப்புகிறது. வாயுமண்டலத்திலுள்ள நீராவியும் கரியமிலவாயுவும் இக்கதிர்களின் ஒரு பகுதியைத் தடுத்து வைத்துக்கொள்கின்றன. இப்பண்பை அயர்லாந்து விஞ்ஞானி டிண்டால் 1859-ல் பரிசோதனை மூலம் நிரூபித்தார். கரியமிலவாயுவின் அளவு இரட்டித்தால் பூமியின் உஷ்ணம் எவ்வளவு உயரும் என்பதை ஸ்வீடன் தேசத்து அர்ரீனியஸ் 1896-ல் கணக்கிட்டார். இவ்வாயுக்களே இல்லாவிடில் பூமி உறைந்துபோயிருக்கும். ஆகவே இவை தம்மளவில் தீமையானவை அல்ல. அளவு மிகுவதே தீமைக்குக் காரணம்.

நிலக்கரியும் எண்ணெயும் பெருமளவில் எரிக்கப்படுவதற்கு முன்னர், பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமிலவாயு சுமார் 280 பங்கு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் தொடர்ச்சியான அளவீடு தொடங்கியபோது அது சுமார் 315 பங்காக இருந்தது. இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. இதன் விளைவாக, 1850–1900 காலத்தோடு ஒப்பிடும்போது 2011–2020 ஆண்டுகளில் பூமியின் சராசரி உஷ்ணநிலை 1.1 டிகிரி சென்டிகிரேட் உயர்ந்திருந்தது. 2024-ஆம் ஆண்டில் அவ்வுயர்வு முதன்முறையாக ஓராண்டு முழுவதற்கும் 1.5 டிகிரியைக் கடந்தது.

கடல் ஏறுவது எவ்வாறு?

இவ்வாறு தேங்கிய உஷ்ணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சமுத்திரங்களே ஏற்றுக்கொண்டுள்ளன. சூடேறிய நீர் விரிவடைகிறது. அடுப்பில் விளிம்புவரை நீர் நிரம்பிய பாத்திரம் கொதிக்கு முன்னரே சிறிது வழிவதற்கு ஒப்பானது இது. இதனுடன் மலைகளிலுள்ள பனியாறுகளும், கிரீன்லாந்து, அண்டார்க்டிகா ஆகிய நிலப்பரப்புகளின்மேல் படிந்துள்ள பனிப்பாளங்களும் உருகிக் கடலில் கலக்கின்றன. நீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகுவதால் கடல்மட்டம் குறிப்பிடத்தக்க அளவு உயர்வதில்லை. நிலத்தின்மேலுள்ள பனி உருகுவதாலேயே உயர்கிறது என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

1988-ல் அமைக்கப்பட்ட, சீதோஷ்ண மாறுதல் பற்றிய அரசுகளிடைக் குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006-க்குப் பின்னர் உயர்வின் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டராக இருந்தது. வாயுக்களின் வெளியீடு மிக விரைவில் குறைக்கப்பட்டால் 2100-ஆம் ஆண்டுக்குள் 28 முதல் 55 சென்டிமீட்டர் வரையும், மிக அதிகமாகத் தொடர்ந்தால் 63 முதல் 101 சென்டிமீட்டர் வரையும் கடல் உயரக்கூடும் என அக்குழு மதிப்பிட்டுள்ளது.

கார்டன் ரீச்சின் நீர்மட்டக் கருவி

சந்திர சூரியரின் ஈர்ப்பினால் கடல்நீர் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்குமிடையே வேறுபாடு ஒரு மீட்டர் அளவே உள்ளது. வங்காள விரிகுடாவின் வடமுனையில் கடல் ஆழம் குறைந்து, ஹூக்ளியின் முகத்துவாரம் புனலைப்போல் குறுகிச் செல்வதால், அங்கு இவ்வேறுபாடு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நான்கு ஐந்து மீட்டரை எட்டுகிறது. இந்த ஏற்றம் நதியில் எதிர்த்து ஏறி, கொல்கத்தாவைக் கடந்து மேலே செல்கிறது. சில நாட்களில் அது நீராலான சுவர்போல் எழுந்து விரைவதும் உண்டு. வங்காளிகள் அதனைப் 'பான்' என்பர்.

கார்டன் ரீச்சில் நதியின் மட்டத்தைப் பதிவு செய்யும் கருவி உள்ளது. அதன் 1932 முதலான சராசரி அளவுகள், லிவர்பூலிலுள்ள சராசரிக் கடல்மட்ட நிரந்தரப் பணியகத்தின் உலகத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. இந்நதியில் மட்டங்களைக் குறிப்பதற்கு ஆதாரமாகக் கொள்ளப்படுவதும் அண்டையிலுள்ள கிதர்பூரின் பழைய கப்பல்துறை வாயிற்படியின் மட்டமேயாகும். ஆகவே, ஆசியாவில் கடலின் போக்கை நெடுங்காலம் கண்காணித்துவரும் இடங்களுள் கார்டன் ரீச்சும் ஒன்று எனலாம்.

இப்பதிவு உலகச் சராசரியைவிட விரைவான உயர்வைக் காட்டுகிறது. ஆனால் அவ்வுயர்வு முழுவதையும் கடலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. முதலாவதாக, கடலே உயர்கிறது. இரண்டாவதாக, கழிமுக வண்டல் தன் எடையாலேயே இறுகிக் கீழே அமிழ்கிறது. நிலத்தடி நீரை மிகுதியாக இறைப்பது இந்த அமிழ்வைத் துரிதப்படுத்துகிறது. மூன்றாவதாக, நதியின் படுகையில் மணல் சேர்வதும், 1975-ல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியபின் கங்கை நீர் கூடுதலாகத் திருப்பிவிடப்பட்டதும் உள்ளூர் மட்டத்தைப் பாதித்துள்ளன. கரையில் வாழும் மனிதருக்கு நீர் உயர்ந்ததா, நிலம் தாழ்ந்ததா என்பது ஒன்றே. பரிகாரம் தேடுவோருக்கு அவ்வேறுபாடு மிக முக்கியம்.

மில்லிமீட்டர் மணியாக மாறுதல்

கொல்கத்தாவின் பெரும்பகுதி கிழக்கு நோக்கிச் சரிந்து, சதுப்பு நிலங்களின் வழியே வடிகிறது. நதிக்கரைப் பகுதிகளில் மழைநீரின் ஒரு பகுதி கால்வாய்கள் மூலம் ஹூக்ளியில் சேர்கிறது. இக்கால்வாய்களின் வாயில் மதகுகள் உள்ளன. நதி தாழ்ந்திருக்கும்போது கதவுகளைத் திறந்தால் ஊரின் நீர் வெளியேறும். ஏற்றத்தின்போது கதவுகளை மூடாவிடில் நதியே ஊருக்குள் வரும். இதனால் ஒரு விந்தையான நிலைமை உண்டாகிறது: அதே கரையில், பெரிய கப்பல்கள் துறைக்குள் நுழைய ஏற்றத்தை எதிர்பார்த்திருக்கின்றன, சாக்கடைகள் வெளியேற வற்றத்தை எதிர்பார்த்திருக்கின்றன.

கடல்மட்ட உயர்வின் உண்மையான விளைவை இம்மதகில் காணலாம். அதனை விளக்க ஓர் எளிய கணக்கு போதும். இதிலுள்ள எண்கள் உதாரணத்துக்காகக் கொள்ளப்பட்டவை. ஏற்றத்தின்போது நீர் மணிக்கு 60 சென்டிமீட்டர் வீதம் நான்கு மணி நேரம் ஏறுவதாகவும், பின்னர் மணிக்கு 30 சென்டிமீட்டர் வீதம் எட்டு மணி நேரம் வற்றுவதாகவும் கொள்வோம். ஹூக்ளியிலும் ஏற்றம் குறுகிய நேரத்திலும் வற்றம் நீண்ட நேரத்திலும் நிகழ்கின்றன. மதகின் வாய் இவ்விரண்டிற்கும் சரிபாதியான மட்டத்தில் இருக்குமாயின், ஏறும் நீர் அதனைத் தொட இரண்டு மணி நேரமும், வற்றும் நீர் அதற்குக் கீழே சென்றபின் நான்கு மணி நேரமும், ஆக ஆறு மணி நேரம் கதவு திறந்திருக்கலாம். நாளொன்றுக்கு இரண்டு ஏற்றங்கள் ஆதலால் மொத்தம் பன்னிரண்டு மணி நேரம் ஊர்நீர் வடியும்.

இப்போது நதியின் மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்ததாகக் கொள்வோம். ஏறும் நீர் 20 நிமிடம் முன்னதாகவே மதகைத் தொடுகிறது. வற்றும் நீர் 40 நிமிடம் தாமதமாகவே அதனை விட்டு இறங்குகிறது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு மணி, நாளொன்றுக்கு இரண்டு மணி நஷ்டமாகிறது. வடியும் நேரம் பத்து மணியாகக் குறைகிறது. உயர்வு 60 சென்டிமீட்டரானால் ஆறு மணியும், ஒரு மீட்டரானால் இரண்டு மணியுமே எஞ்சும். உண்மையான நதியில் கடலின் உயர்வு அப்படியே வந்து சேராது. படுகையின் உருவமும் வெள்ளத்தின் வேகமும் அதனைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். எனினும் தத்துவம் மாறாது. கடல் ஊரை மூழ்கடிப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, ஊர் தன் நீரை வெளியேற்றும் நேரத்தைக் கவர்ந்துகொள்கிறது. கதவு திறந்திருக்கும் நேரத்திலும், உள்நீருக்கும் வெளிநீருக்குமிடையே மட்ட வேறுபாடு குறைவதால், நீர் மெதுவாகவே பாய்கிறது.

மழையும் ஏற்றமும் சந்திக்கும் நாட்கள்

வடியும் நேரம் குறைந்துவரும் அதே காலத்தில் வடியவேண்டிய நீர் மிகுகிறது. காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் ஏழு சதவீதம் கூடுகிறது. ஆகவே பெருமழைகள் மேலும் பெருமழையாகின்றன. ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் பத்து லட்சம் லிட்டர் நீர் சேர்கிறது. ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் ஐந்து கோடி லிட்டர்.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு இதனை விளக்குகின்றன. 2021 மே 26-ல் யாஸ் புயல் ஒடிசாவின் வடகரையைக் கடந்தது. கொல்கத்தாவை அது நேரடியாகத் தாக்கவில்லை. ஆயினும் அன்று பௌர்ணமியாதலால் நதி மிகவும் உயர்ந்து, ஆதிகங்கைக் கால்வாயின் வழியே காளிகாட் பகுதித் தெருக்களில் நீர் புகுந்தது. பெருமழையின்றியே வந்த வெள்ளம் அது. 2025 செப்டம்பர் 21 அமாவாசை. அடுத்து வந்த 22–23 இரவில் கொல்கத்தாவில் பெருமழை கொட்டியது. 24 மணி நேரத்தில் அலிப்பூரில் பதிவானது 251.4 மில்லிமீட்டர். நதியில் ஏற்றம் மிகுந்திருந்ததால் மதகுகள் மூடப்பட வேண்டியதாயிற்று. நீர் வெளியேற வழியின்றித் தெருக்களில் தேங்கியது. துர்கா பூஜைக்குச் சில நாட்களே இருந்த வேளையில், தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் உயிரிழந்தனர். தரைத்தளத்து அறையில் தையல் இயந்திரம் வைத்துப் பிழைக்கும் ஒருவருக்கு, நீர் இரண்டு மணி நேரத்தில் வடிவதற்கும் ஒரு நாள் முழுவதும் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு, துணிக்கட்டும் மோட்டாரும் தப்புவதா அழிவதா என்பதேயாகும்.

இந்நிலை தமிழ்நாட்டுக்கும் அந்நியமானதன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கடல் கொந்தளித்து உயர்ந்திருந்ததால், சென்னையின் அடையாறும் கூவமும் தம் நீரைக் கடலில் விரைவாகச் சேர்க்க இயலவில்லை.

புயலின் எச்சரிக்கை

வங்காள விரிகுடாவின் புயல்களுக்கு 'சைக்ளோன்' என்று பெயரிட்டவர் கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன் ஆவார். 1848-ல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய நூலில் அச்சொல் இடம்பெற்றது. கல்கத்தாவுக்குத் தென்கிழக்கே மாத்லா நதிக்கரையில் கானிங் துறைமுகம் அமைக்கத் திட்டமிட்டபோது, புயலலை ஒருநாள் அதனை அழிக்கும் என்று 1853-ல் அவர் எச்சரித்தார். துறைமுகம் கட்டப்பட்டது, 1867-ல் புயலலை அதனைச் சிதைத்தது. அதற்கு முன்னரே, 1864 அக்டோபர் 5-ஆம் தேதிப் புயலில் கடலலை ஹூக்ளியில் ஏறியது. கல்கத்தாத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை சேதமடைந்தன. சுற்றுவட்டாரத்தில் இறந்தோர் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர் என்று மதிப்பிடப்பட்டது. இதன்பின்னரே 1865-ல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875-ல் இந்திய வானிலை ஆராய்ச்சித் துறையும் நிறுவப்பட்டது.

அன்றைய எச்சரிக்கைமுறையின் வழித்தோன்றல்களே இன்று உயிர்களைக் காக்கின்றன. 2020 மே 20-ல் ஆம்பன் புயல் கொல்கத்தாவை உலுக்கியபோது, கரையோரத்திலிருந்து லட்சக்கணக்கான மக்கள் முன்னதாகவே அகற்றப்பட்டிருந்தனர். நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. எதிர்க்கரைப் பூங்காவின் ஆலமரமும் விழுதுகள் சிலவற்றை இழந்தது. கடல்நீர் சூடேறுவதால் கடும் புயல்களின் விகிதம் மிகும் என்பதும், உயர்ந்துவிட்ட கடல்மட்டத்தின்மேல் எழும் புயலலை முன்னிலும் உள்ளே செல்லும் என்பதும் விஞ்ஞானிகளின் முடிவு. சுந்தரவனத்துச் சதுப்புநிலக் காடுகள் இவ்வலையின் வேகத்தைத் தணிப்பதால், அக்காடு கொல்கத்தாவின் முதல் அரணாகும்.

வெயிலும் குடிநீரும்

அரசுகளிடைக் குழுவின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை, உலகப் பெருநகரங்கள் சிலவற்றின் 1950–2018 காலத்து உஷ்ண உயர்வை ஒப்பிட்டபோது, கொல்கத்தாவில் அது சுமார் 2.6 டிகிரி எனக் காட்டியது. இதில் ஒரு பங்கு உலகளாவியது. மற்றொரு பங்கு மரமும் குளமும் குறைந்து செங்கல்லும் சிமெண்டும் பெருகியதன் விளைவு. 2024 ஏப்ரல் 30-ல் நகரின் உஷ்ணநிலை 43 டிகிரியை எட்டியது. ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை உலர்வதில்லை. வியர்வை உலராவிடில் உடல் குளிர்வதில்லை. ஆகவே தகரக் கூரையின்கீழ் தைப்பவருக்கும், கப்பல்துறையில் சுமை தூக்குபவருக்கும் 38 டிகிரியே வறண்ட நாட்டின் 43 டிகிரியைவிடக் கொடியதாகலாம். கடல் உயருமளவுக்கு உவர்நீரும் கோடையில் நதியில் மேலேறும். குடிநீருக்கு அந்நதியையே நம்பியிருக்கும் கார்டன் ரீச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இது கவனிக்கத்தக்க அபாயமாகும்.

செய்யத்தக்கவை

மேற்கூறிய காரணங்களைப் பிரித்தறிந்தால் பரிகாரங்களும் தாமே புலப்படும். வடியும் நேரம் குறைவதால், மதகு மூடியிருக்கும் வேளையிலும் நீரை நதிக்குத் தள்ளவல்ல பம்புகள் வேண்டும். அவை வெள்ளத்தால் நிற்காத உயரத்தில் அமைய வேண்டும். மதகு திறக்கும்வரை நீர் காத்திருக்க இடம் வேண்டும். குளங்களும் கால்வாய்களும் அந்த இடத்தை அளிக்கின்றன. ஒரு ஹெக்டேர் பரப்புள்ள குளம் ஒரு மீட்டர் நீரை ஏற்றால் ஒரு கோடி லிட்டரைத் தாங்கும். அதனைத் தூர்த்து வீடு கட்டினால் அந்நீர் அண்டை வீடுகளிலேயே தங்கும். நகரின் கிழக்கே 12,500 ஹெக்டேர் பரப்பில் கழிவுநீரை மீனும் காய்கறியுமாக மாற்றும் சதுப்பு நிலம் 2002-ல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ்ச் சேர்க்கப்பட்டது. அதுவும் இத்தகைய தாங்குநிலமே. சென்னைக்குப் பள்ளிக்கரணை எப்படியோ, கொல்கத்தாவுக்கு இந்நிலம் அப்படி. நிலத்தடி நீரை அளவோடு எடுத்தால் நிலம் அமிழும் வேகம் குறையும். ஏற்ற அட்டவணையையும் மழை முன்னறிவிப்பையும் சேர்த்துப் பார்த்து, பெருமழைக்கு முந்திய வற்றத்திலேயே கால்வாய்களைக் காலியாக்கி வைப்பது செலவு குறைந்த முறையாகும்.

இவையனைத்தும் ஓரளவுக்கே பயன்படும். கடல் 30 சென்டிமீட்டர் உயர்ந்தால் பம்புகளும் குளங்களும் ஈடுகொடுக்கலாம். ஒரு மீட்டர் உயர்ந்தால் ஈடுகொடுப்பது மிகக் கடினம். இவ்விரண்டில் எது நிகழும் என்பது கார்டன் ரீச்சில் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. உலகின் எல்லா நாடுகளிலும் எரிக்கப்படும் நிலக்கரியும் எண்ணெயும் அதனைத் தீர்மானிக்கின்றன. அவற்றை மிகுதியாக எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகளின் கடமை இதில் பெரிது. நதிக்கரையில் குடியிருப்போர் அக்கணக்கில் மிகச் சிறிய பங்கே உடையவர்கள்; ஆயினும் மதகு மூடியிருக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் முழங்கால் நீரில் நின்று அனுபவிப்பவர்கள் அவர்களே. மில்லிமீட்டர்களை அற்பம் என்று எண்ணாதிருக்க இதைவிடச் சிறந்த காரணம் தேவையில்லை.